பூட்டுன வீட்டுக் கொசு

வா தாயி, திண்ணையில உக்காரு. கழுத்துல என்னது, கன்னுக்குட்டிக்குக் கட்டுன மாதிரி ஒரு நாடா? அடையாள அட்டையா? கண்ணாடி இல்லாம எனக்கு ஒம் மூஞ்சியே பாதிதான் தெரியும், நீயே படிச்சிரு. "ஆராய்ச்சியாளர், பொது சுகாதாரப் பிரிவு." அடேயப்பா. நாங்க இருந்த காலத்துல காக்கிச் சட்டையும் தோள்ல தொங்குற பம்பும்தான் அட்டை. தெருநாய்க்குக்கூடத் தெரியும், கொசுமருந்துக்காரன் வாரான்னு. ஒனக்கு நாடா மாட்டியும் வாட்ச்மேன் நிப்பாட்டி "யாரப் பாக்கணும்?"னு கேக்குறானாமே? கேக்கட்டும். ஒரு வருசம் கழிச்சும் கேட்டான்னா நீ ஒழுங்கா வேலை பாக்குறேன்னு அர்த்தம். சல்யூட் அடிக்க ஆரம்பிச்சான்னா எனக்கு ஒரு போனப் போடு, நான் வந்து கூட்டிட்டு வந்துர்றேன்.

11 மாச ஒப்பந்தம்னு ஒங்கம்மா சொன்னா. வாடகை வீட்டுக்குத்தான் 11 மாசம்னு எழுதுவாக. அப்ப ஒன்னைய வாடகைக்குப் பிடிச்சிருக்காக. ஆணி அடிக்கக் கூடாது, செவத்துல கிறுக்கக் கூடாது, காலி பண்ணச் சொன்னா மறுபேச்சு பேசாம காலி பண்ணணும். எந்த மாநகராட்சின்னு நான் கேக்கல, நீயும் ஊருக்குள்ள சொல்லித் திரியாத. நானும் 30 வருசத்துக்கு மேல ஒரு நகராட்சியில கொசுவோட குடும்பம் நடத்துனவன்தான். அது எதுன்னு எங்கயும் எழுதிப்புடாத. பென்சன்ல ஓடுற குடும்பம் இது.

போன தடவை வந்தப்ப லண்டன் கதை ஒன்னு சொன்னியே, 1854ல காலரா வந்து சனம் கொத்துக் கொத்தாச் செத்துச்சு, ஜான் ஸ்நோங்கிற டாக்டரு ஒரு தெருவுல அடிபம்பு கைப்பிடியக் கழட்ட வச்சாருன்னு. அன்னைக்கு நீ சொல்லி முடிச்சதும் எனக்கு அந்த டாக்டரு மேல பெருசா ஆச்சரியம் வரல. படிச்சவரு, சொன்னாரு. ஆனா கூடவே ஒரு பாதிரியாரச் சொன்ன பாரு, ஒயிட்ஹெட்டுன்னு, அந்த ஆளைத்தான் எனக்குப் பிடிச்சுச்சு. டாக்டரு சொல்றது தப்புன்னு நிரூபிக்கத்தான் அவரு வீடு வீடா எறங்குனாரு. அந்தத் தெருவுல யாரு வீட்டுல எத்தனை பேரு, யாரு எந்தக் குழாய்ல தண்ணி பிடிக்கிறா, எல்லாம் அவருக்கு அத்துப்படி. கடைசியில பம்புக்குப் பக்கத்து வீட்டுலயே ஒரு கைக்குழந்தைக்கு மொதல்ல வயித்தால போயிருக்கு, அந்தத் துணிய அலசுன தண்ணிதான் கெணத்துக்குள்ள எறங்கியிருக்குன்னு கண்டுபிடிச்சதும் அவருதானே? எதிர்க்கட்சியா உள்ள போயி சாட்சியா வெளிய வந்தாரு. ஒனக்கு வேண்டியது டாக்டரு இல்ல தாயி. அந்தப் பாதிரியாரு மாதிரி ஒரு ஆளு.

அந்த ஆளு எங்க கெடைப்பாருன்னு கேக்குறியா? காலையில ஆறரைக்கு வார்டு ஆபீஸ் வாசல்ல கெடைப்பாரு. பாதிரியாரு இல்ல, டிபிசி ஆளுக. கொசுப்புழு தேடி வீடு வீடாப் போறவுக. பாதிப் பேரு பொம்பளைப் பிள்ளைக. ஒரு கையில டார்ச்சு, இன்னொரு கையில இங்க் பில்லரு, பையில அபேட் மருந்து பாட்டிலு. அந்தப் பெஞ்சுல போயி உக்காரு. லேப்டாப்ப வீட்டுல வச்சுட்டுப் போ. அது தொறந்திருந்தா அவுக வாய் மூடிக்கும். எந்த வீட்டுல நாய் கடிக்கும், எந்த வீட்டுல மோரு குடுப்பாக, எந்த வீட்டுக்காரரு "நான் யாரு தெரியுமா?"ன்னு கேப்பாரு, இதெல்லாம் எந்த ரிஜிஸ்டர்லயும் இல்ல. ஆனா அந்த ரிஜிஸ்டரு எப்படிப் பொறக்குதுன்னு தெரியணும்னா இது தெரிஞ்சாகணும்.

ஒரு தடவை அவுக கூடவே ஒரு தெருவு நட. வீட்டு மொகப்புல அட்டை ஒட்டியிருக்கும், தேதி போட்டுக் கையெழுத்துப் போட. அத அப்பறம் பாரு. நேரா கொல்லைக்குப் போ. ஆட்டுக்கல்லு குழி, பிரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கிற தட்டு, பூச்செடித் தொட்டிக்குக் கீழ வச்ச சாசரு, மாடியில கவுந்து கெடக்கிற டயரு. டார்ச்ச அடி. மேல தண்ணி மட்டத்துல தலைகீழா, வாலை மேல வச்சுத் தொங்கிக்கிட்டிருக்கிறது வெளிச்சம் பட்டதும் சுருண்டு சுருண்டு கீழ எறங்கும். அசையாம நில்லு. செத்த நேரத்துல மூச்சு வாங்க மறுபடி மேல வரும். அதுக்குள்ள பொறுமை இல்லாதவன் "இங்க இல்ல"ன்னு எழுதிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பான். ஒரு நாளைக்கு இத்தனை வீடு முடிக்கணும்னு மேல இருந்து சொல்லியிருந்தா அவன் போகத்தான் செய்வான். அவனக் கொறை சொல்லாத, நானும் போயிருக்கேன்.

ஒங்க கணக்கெல்லாம் எனக்கும் தெரியும். 50 வீடு பாத்தீக, 4 வீட்டுல புழு. 100க்கு 8, அது வீட்டுக் கணக்கு. அந்த 4ல ஒரு வீட்டுல மட்டும் 6 ஏனத்துல புழு, மத்த மூணுலயும் ஒன்னொன்னு. ஆக 9 ஏனம், 100 வீட்டுக்கு 18. அது பிரெட்டோ கணக்கு. ஒரே தெருவு, ஒரே காலை, ஒன்னு 8ங்குது, இன்னொன்னு 18ங்குது. மேல இருக்கிறவருக்கு எது வேணுமோ அதக் குடுத்துக்கலாம். பேச்சுக்குச் சொல்றேன், நீ குடுத்துறாத. நான் கேக்க வந்தது அது இல்ல. அன்னைக்கு அந்தப் பிள்ளைக போனது 70 வீடு. மிச்ச 20 என்னாச்சு? "வீடு பூட்டு." பூட்டுன வீடு கணக்குல வராது. அப்ப கொசுவும் உள்ளயே பூட்டிக்கிட்டு உக்காந்திருக்குமாக்கும்?

இதுல ஒரு ரகசியம் சொல்றேன், காதக் குடு. நாங்க "பூட்டு"ன்னு எழுதுன வீட்டுல பாதிக்குக் கதவே கெடையாது. பாதி கட்டி நிக்கிற வீடு. கீழ சம்ப்புல தண்ணி, மேல காங்கிரீட் ஊறட்டும்னு பாத்தி கட்டி விட்ட தண்ணி. அம்புட்டும் புழு. உள்ள போனா மேஸ்திரி மல்லுக்கு நிப்பான், சொந்தக்காரரு யாருக்கோ போனப் போடுவாரு, அந்த யாரோ எங்க அதிகாரிக்குப் போனப் போடுவாரு. ரெண்டு போனுக்கு நடுவுல நாங்க எதுக்கு? பூட்டு. சென்னை ராஜதானியா இருந்தப்ப 1939ல பொது சுகாதாரச் சட்டம் போட்டாக. நம்ம நாட்டுல இந்த மாதிரிச் சட்டம் மொதல்ல போட்டது நாமதான். அதுல கொசுவுக்குன்னே தனியா ஒரு அதிகாரம் இருக்கு. ஆமா தாயி, கொசுவுக்கு அதிகாரம் இருக்கு. கொசு பிடிக்கப் போறவனுக்குத்தான் இல்ல.

சிரிக்காத, இன்னும் இருக்கு. புகைமருந்து விசயத்துல நீ வாயத் தொறக்காம இருந்தா 11 மாசம் 22 மாசமாகும். புகை அடிச்சா பறக்கிற கொசு கொஞ்சம் சாகும், தொட்டியில இருக்கிற புழுவுக்கு ஒன்னும் ஆகாது, ரெண்டு மூணு நாள்ல புதுசாப் பறந்து வரும். எல்லாருக்கும் தெரியும். ஆனா புழு எடுக்கிறது யாரு கண்ணுக்குத் தெரியும்? ஒரு பிள்ளை குனிஞ்சு ஆட்டுக்கல்லப் பாத்துட்டுப் போகுது, அம்புட்டுத்தான். புகைன்னா தெருவே கூடும், சின்னப் பயலுக பின்னாடி ஓடுவாங்க, கவுன்சிலரு முன்னாடி நடப்பாரு, மறுநாள் பேப்பர்ல படம் வரும். டெங்குக் கொசு கடிக்கிறது பகல்ல. பகல்ல வெயில்ல புகை அடிச்சா அது நேரா மேல போயிரும்னு விடியக்காலமும் பொழுது சாயவும் அடிக்கணும்பாக. ஒனக்கு இதுல ஆராய்ச்சி பண்ணணும்னு ஆசை வந்துச்சுன்னா, புகை அடிச்ச தெருவுல எத்தனை கொசு கொறைஞ்சுச்சுன்னு எண்ணாத. எத்தனை போன் புகாரு கொறைஞ்சுச்சுன்னு எண்ணு. அங்கதான் மருந்து வேலை செய்யுது.

காய்ச்சலுக்கே பேரு வைக்கிறதுல நம்மாளுக கெட்டிக்காரவுக. 2006ல சிக்குன்குனியா வந்தப்ப நான் எட்டு நாளு எந்திரிக்கல, அப்பறம் எந்திரிச்சும் நிமிரல. ஆப்பிரிக்காவுல மக்கொண்டே பாஷையில அந்தப் பேருக்கு அர்த்தமே 'வளைஞ்சு போறது'தானாம். அந்த ஊருக்காரன் பாத்ததப் பாத்தபடி பேரு வச்சிருக்கான். நம்ம ஊர்ல? 'மர்மக் காய்ச்சல்.' 2012ல தமிழ்நாட்டுல டெங்கு 12 ஆயிரத்தத் தாண்டுச்சு, அப்பவும் பேப்பரப் பிரிச்சா மர்மக் காய்ச்சல்தான். மர்மம் காய்ச்சல்ல இல்ல தாயி, நோட்டுல.

இப்ப நெசமாவே ஒரு உருப்படியான விசயத்துக்கு வாரேன். டெங்குக் கொசு எங்க வளருது? நல்ல தண்ணியில. நல்ல தண்ணி வீட்டுல ஏன் தேங்கி நிக்குது? குழாய்ல தெனமும் வராததுனால. நாலு நாளைக்கு ஒருக்க வருதுன்னா, அடுத்த தடவை வருமோ வராதோன்னு எவளும் டிரம்ம காலி பண்ண மாட்டா. பழைய தண்ணி மேல புதுத் தண்ணி ஊத்துவா. முட்டையில இருந்து கொசுவாப் பறக்க ஒரு வாரம், பத்து நாளு போதும். டிரம்மு அடிமட்டம் வரைக்கும் காலியாகுறது வருசத்துக்கு எத்தனை நாளு? நம்ம பிள்ளைக போயி "வாரம் ஒருக்கத் தண்ணியக் கொட்டிருங்கக்கா"ன்னா, லாரித் தண்ணிக்குக் காசு குடுத்தவ வெளக்குமாத்த எடுப்பாளா மாட்டாளா? கொட்டுனாலும் தீராது. முட்டை டிரம்மு ஓரத்துல தண்ணிக்கு மேல ஒட்டியிருக்கும். காஞ்சு போயி மாசக்கணக்குல கெடந்தாலும் தண்ணி பட்டதும் பொரிக்கும். தேங்கா நாரு போட்டு உள்பக்கம் தேய்க்கணும். இத ஒரு நோட்டீசுல பாத்திருக்கியா? "தண்ணீர் தேங்க விடாதீர்கள்"னு போட்டு, பக்கத்துல பெரிய மனுசரு படம்தான் இருக்கும்.

ஆக, கொசுவோட மூலம் ஒங்க சுகாதாரப் பிரிவுல இல்ல. மாடியில இருக்கிற பொறியியல் பிரிவுல இருக்கு. அதுக்கும் கீழ, தெருமுக்குல இரும்பு மூடியத் தொறந்து நீளக் கம்பிய விட்டுத் திருகுறாரே வால்வு தொறக்கிறவரு, அவருகிட்ட இருக்கு. எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு, எத்தனை நாளைக்கு ஒருக்க, எவ்வளவு நேரம், எல்லாம் அவரு சட்டைப்பையில ஒரு சின்ன நோட்டுல இருக்கும். அந்த நோட்டையும் நம்ம பிள்ளைகளோட புழு நோட்டையும் பக்கத்துல வச்சுப் பாரு. எந்த யுனிவர்சிட்டிக்காரனுக்கும் இது கெடைக்காது, அவன் வெளிய இருந்து கடுதாசி போட்டுக் கேக்கணும். நீ ஒரே கட்டடத்துக்குள்ள இருக்க, போயி ஒரு டீ வாங்கிக் குடுத்துக் கேக்கலாம். ஒன்னைய வெளிய வைக்காம உள்ள வச்சதுக்கு ஒத்தப் பிரயோசனம் இதுதான். இதுக்காகத்தான் சீமையிலயும் இப்படிச் செய்றாகன்னு நீதானே சொன்ன? 1974ல கவுன்சில்கிட்ட இருந்து பிடுங்குன சுகாதார வேலைய 2013ல திரும்பக் கவுன்சிலுக்கே குடுத்து, 2022ல இருந்து உள்ள உக்காந்து ஆராய்ச்சி பண்ணுங்கடான்னு பணமும் குடுக்குறாக. சுத்திச் சுத்தி வந்து சுப்பர் கொல்லைக்கே வந்துட்டான் வெள்ளைக்காரன்.

ஆனா கண்டுபிடிச்சத எப்படிச் சொல்லுவ? அங்கதான் ஒன்னைய மாதிரிப் படிச்ச பிள்ளைக கவுந்துருதுக. "தண்ணி விடுற முறைதான் டெங்குக்குக் காரணம்"னு எழுதி நீட்டுன்னா இஞ்சினியரு ஒரு பக்கம் மொறைப்பாரு, கமிஷனரு கவருக்குள்ள வைப்பாரு, அப்பறம் அந்தக் கவரு படுத்துரும். நம்ம பசுமலை எப்படி மலையாச்சுன்னு தெரியும்ல? சமணருக மாயப் பசுவ ஏவி விட்டாகளாம், சிவன் நந்திய அனுப்புனாராம், நந்தியப் பாத்து மயங்கிப் பசு அப்படியே விழுந்து மலையாப் போச்சாம். பசு மட்டுமா, படுத்த கவரும் நாளாவட்டத்துல மலைதான். ஆபீசுல பீரோ மேல பாத்திருப்பியே, புல்லுதான் இன்னும் மொளைக்கல.

அதுக்கு ஒரு தந்திரம் இருக்கு. 1985ல நம்ம சின்னச் சொக்கிகுளத்துலயே கொசு ஆராய்ச்சிக்குன்னு மத்திய சர்க்காரு ஒரு நிலையம் தொறந்துச்சு. அவுக மூளைக்காய்ச்சல் பரப்புற கொசுவத் தேடி நெல்லு வயலுக்குப் போனாக. யூரியாவுல வேப்பம்புண்ணாக்கப் பூசிப் போட்டுப் பாத்தாக. கொசுப்புழு கொறைஞ்சுச்சு, கூடவே நெல்லும் கூடுதலா வெளைஞ்சுச்சு. இப்ப நீயே சொல்லு, குடியானவன்கிட்டப் போயி "கொசு கொறையும்"னா சாக்கத் தூக்குவானா, "மூட்டை கூடும்"னா தூக்குவானா? அதே மாதிரி இஞ்சினியருகிட்டக் கொசுப் பேச்ச எடுக்காத. "இந்தத் தெருவுக்கு நாள் தவறாம விட்டா ரோட்டுல குடத்தோட ஒக்காருற மறியல் கொறையும் சார்"னு சொல்லு. கமிஷனருகிட்ட "நீங்க அன்னைக்குக் கூட்டத்துல ஒரு வார்த்த சொன்னீகளே சார், அதத்தான் சரிபார்த்தேன்"னு சொல்லு. அவரு என்ன சொன்னாருன்னு அவருக்கே ஞாபகம் இருக்காது, ஆனா சொன்னேன்னு ஒத்துக்குவாரு. பேரு அவருக்குப் போகட்டும். புழுவுக்கு யாரு பேரு போட்டா என்ன?

இதப் பழகும்போது ஒன்னைய அறியாம ஒன்னு நடக்கும், சொல்லிப்புடுறேன். மொத மாசம் "அவுக நம்பரு"ம்ப. மூணாவது மாசம் "நம்ம நம்பரு"ம்ப. ஆறாவது மாசம் பேப்பர்க்காரன் கேட்டா நீயே "மர்மக் காய்ச்சல்தான், பயப்பட ஒன்னுமில்ல"ம்ப. டீ குடிக்கப் போன எடத்துல சம்பந்தம் பண்ணிட்டு வந்த கதையாயிரும்.

என்னது, படம் காட்டுறியா? கொண்டா லேப்டாப்ப. பழைய ரிஜிஸ்டரு பூராவும் ஏத்திட்டீகளா? எந்த ஊரு ரிஜிஸ்டரு? ...ஓ. அந்த ஊருதானா. சரி, சரி, காட்டு. கோடு நல்லா எறங்குது. 1996ல சரசரன்னு எறங்குது பாரு, 11ல இருந்து 3க்கு. என்ன சொல்ற? "அந்த வருசம் ஏதோ ஒரு தலையீடு நல்லா வேலை செஞ்சிருக்கு." ஆமா தாயி, தலையீடுதான். அந்த வருசம் ஒரு புது அதிகாரி வந்தாரு. 5க்கு மேல எழுதுன வார்டுக்கு மெமோன்னாரு. மறுவாரமே எல்லா வார்டுலயும் கொசு 5க்குக் கீழ எறங்கிருச்சு. அம்புட்டு மரியாதை தெரிஞ்ச கொசு.

அப்படிப் பாக்காத. எழுதுனவன் நான்தான். ஒங்கம்மாவுக்குக் கல்யாணம் வச்ச வருசம், மெமோ வாங்குற தெம்பு இல்ல. டீக்கடை பெஞ்சுல உக்காந்து ஒரு நாளு நீலப் பேனா, ஒரு நாளு கருப்புப் பேனான்னு மாத்தி மாத்தி ஒரு மாசத்த ஒரே மத்தியானத்துல முடிச்சிருக்கேன். இன்னைக்கு ஒங்க மிஷின் அதுல கோடு போட்டு, ஏத்த எறக்கத்துக்கு அர்த்தம் சொல்லுது. அந்தப் பழைய நோட்ட நேர்ல எடுத்துப் பாரு. சுத்தமா, அடிச்சல் திருத்தல் இல்லாம, டீக் கறையோட இருக்கிற பக்கத்த நம்பாத. மழையில ஊறி, எழுத்துக் கலைஞ்சு, ஓரம் கிழிஞ்சு, "நாய்"னு பக்கத்துல கிறுக்கியிருக்கிற பக்கம் இருக்கே, அது தெருவுக்குப் போயிட்டு வந்த பக்கம். அதுல என்ன இருக்கோ அதான் நெசம். எங்கூட வேலை பாத்தவுக நாலஞ்சு பேரு இன்னும் உசிரோட இருக்காக. அவுகளையும் ஒரு நாளு உக்கார வச்சுக் கேளு. காப்பியும் ஆமவடையும் வாங்கிக் குடுத்தா வருச வாரியாச் சொல்லுவாக. வேலையில இருக்கிறவன் சொல்ல மாட்டான், பென்சன் வாங்குறவன் சொல்லுவான்.

எங்க எந்திரிச்சுட்ட? ஏய், கொல்லைப் பக்கம் எதுக்குப் போற? டார்ச்ச எடுத்துட்டா வந்த? அங்க ஒன்னும் இல்ல தாயி, ஒங்க பாட்டி இருந்தப்ப மாவாட்டுன கல்லு ஒன்னு கெடக்கு, போன வாரம் பெய்ஞ்ச மழைத்தண்ணி... என்ன சத்தமே காணோம்?

எத்தனை? நெசமாவா? இருட்டுல தப்பா எண்ணியிருப்ப.

சரி, கத்தாத, பக்கத்து வீட்டுக்குக் கேக்கப் போகுது. நோட்டக் கொண்டா. இந்த வீட்டுக்கு நேரா என்ன எழுதப் போற? ...இங்க பாரு, நான் ஒங்க தாத்தா. "வீடு பூட்டு"ன்னு எழுதிக்க.